அழுத்தக் கூடாத பொத்தான்

டூப்ளிகேட் வாட்ச் என்றதும் சென்னைக்காரர்களுக்கு பர்மா பஜார் ஞாபகம் வரும். பெயரில் ஒரு எழுத்து கூடவோ குறையவோ இருக்கும். உள்ளே பேட்டரி. மூன்று மாதத்தில் முலாம் போய் மணிக்கட்டில் பச்சையாக ஒரு வளையம் விழும். விற்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும், கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனால் பார்க்கிறவர்களுக்கும் தெரியும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

இப்போது அந்த வியாபாரம் எங்கேயோ போய்விட்டது. விற்கிறவர்கள் வெளித்தோற்றத்தைப் பற்றி அதிகம் பேசுவதே இல்லை, எஞ்சினைப் பற்றித்தான் பேச்சு. "சார், இது 7750 ஆட்டோமேட்டிக்." "இது 4130 க்ளோன், தடிமன்கூட அதே தடிமன்." "இதுல காலம் வீல் இருக்கு சார்." ஃபர்ஸ்ட் காப்பி என்ற சொல் பழசாகி, சூப்பர் க்ளோன் வந்துவிட்டது. துபாயிலோ சிங்கப்பூரிலோ உங்களுக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தால், இப்படி ஒரு படம் உங்கள் வாட்ஸப்புக்கும் வந்திருக்கும்.

எனக்கு மூன்று படங்கள் வந்தன. அனுப்பியவன் துபாயில் இருக்கும் என் மாமா பையன். "மச்சான், நீ சுவிஸ்ல இருக்க, இஞ்சினியர் வேற. மூணுல எந்த மூவ்மென்ட் நல்லதுன்னு மட்டும் சொல்லு. அப்பா மணிவிழாவுக்கு வாங்கிடறேன்" என்றான். நான் சூரிச்சில் சாஃப்ட்வேர் எழுதுகிறவன். வாட்ச் செய்கிற இஞ்சினியர் இல்லை. ஆனால் சனிக்கிழமைகளில் பழைய வாட்சுகளைக் கழற்றி மாட்டுகிற கிறுக்கு உண்டு என்பது குடும்பத்துக்கே தெரியும்.

மூன்றுமே குரோனோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்சும் சேர்ந்த கைக்கடிகாரம். அதுதான் கேள்வியைக் கொஞ்சம் கனமாக்கியது. மாமா மதுரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பி.டி. மாஸ்டர். கழுத்தில் விசில், கையில் ஸ்டாப்வாட்ச் இல்லாமல் நான் அவரை மைதானத்தில் பார்த்ததே கிடையாது. நூறு மீட்டர் ஓட்டத்தில் ஒரு பையன் 12.4 ஓடினானா 12.6 ஓடினானா என்று இரண்டு வாத்தியார்களோடு சண்டை போடுகிறவர். அப்படிப்பட்ட மனிதருக்கு ஸ்டாப்வாட்ச் உள்ள கடிகாரம் கொடுக்க நினைத்தது நல்ல யோசனைதான். அதனால்தான் "போலி வேண்டாம், விடு" என்று ஒரு வரியில் பதில் அனுப்பாமல் அவன் கேட்ட கேள்விக்கே பதில் சொல்ல உட்கார்ந்தேன்.

குரோனோகிராஃப் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். வலது பக்கம் சாவி கொடுக்கும் திருகுக்கு மேலே ஒரு பொத்தான், கீழே ஒரு பொத்தான். மேலே அழுத்தினால் நடுவில் உள்ள நீள முள் ஓடத் தொடங்கும், மறுபடி அழுத்தினால் நிற்கும். கீழே அழுத்தினால் பூஜ்யத்துக்குத் திரும்பும். உள்ளே கடிகாரம் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஓடுகிற சக்கரத்தோடு நிற்கிற சக்கரத்தைச் சேர்ப்பது ஒரு வேலை, காரில் கிளட்ச் செய்கிற மாதிரி. எப்போது சேர்ப்பது, எப்போது பிரிப்பது என்று உத்தரவு போடுவது இன்னொரு வேலை.

உத்தரவு போட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று காலம் வீல். பெயரைக் கேட்டு நேரச் சக்கரம் என்று நினைத்துவிட வேண்டாம், தூணுக்கான ஆங்கிலச் சொல்தான் அது. ஒரு சின்னச் சக்கரத்தின் மேல் கோட்டை மதில்போலத் தூண்கள் நிற்கும். பொத்தானை அழுத்த அழுத்த அது ஒரு படி திரும்பும். நெம்புகோல்களின் நுனி தூண் மேல் ஏறும், அல்லது இரண்டு தூண்களுக்கு நடுவே விழும். இன்னொரு வழி கேம், அதாவது அச்சில் வெட்டி எடுத்த தகடுகள் முன்னும் பின்னும் தள்ளப்படுவது. தூண் சக்கரம் செய்யச் செலவு அதிகம், அழுத்தும்போது வெண்ணெய் வெட்டுகிற மாதிரி இருக்கும். கேம் மலிவு, முரட்டுத்தனமாக "டக்" என்று விழும். முரடு என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை. 1968க்குப் பிறகு ஒமேகா ஸ்பீட்மாஸ்டரில் வந்த 861 மூவ்மென்ட்டும் கேம் வகைதான்.

எவ்வளவு நுட்பமாக அளக்கும் என்பது துடிப்பைப் பொறுத்தது. மணிக்கு 18,000 துடிப்பு என்றால் நொடிக்கு 5, ஆக 1/5 நொடி வரை அளக்கலாம். 21,600 என்றால் 1/6. 28,800 என்றால் 1/8. 1969ல் ஸெனித் கொண்டுவந்த எல் பிரிமெரோவுக்கு 36,000, அதனால் 1/10 நொடி. முள் வழுக்கிக்கொண்டு போவதுபோலத் தெரிந்தாலும் அது குட்டிக் குட்டித் தாவல்தான்.

இப்போது முதல் படத்துக்கு வருகிறேன். அதில் இருந்தது 7750. வால்ஜூ என்பது கம்பெனியின் பெயர், வாலே டி ஜூ என்ற பள்ளத்தாக்கிலிருந்து வந்தது. எட்மண்ட் காப்ட் என்பவர் வடிவமைத்து 1970களின் முதல் பாதியில் வெளிவந்தது. கேம் வகை, 28,800 துடிப்பு, கையை ஆட்டினாலே சாவி ஏறும். பேட்டரி வாட்சுகள் வந்து சுவிஸ் தொழிற்சாலைகளை மூடவைத்த காலத்தில் இதன் தயாரிப்பும் நின்று, 1980களில் மறுபடி தொடங்கியது. பிறகு பிரைட்லிங், ஐ.டபிள்யூ.சி., டியூடர் என்று பல பெரிய பெயர்களுக்குள் இதுதான் ஓடியது. தடிமன் 7.9 மில்லிமீட்டர். குண்டு எஞ்சின்தான், ஆனால் அம்பாசிடர் காரைப்போல எந்த மெக்கானிக்குக்கும் புரியும். சுழலும் எடை ஒரு பக்கம் மட்டும்தான் சாவி ஏற்றும், எதிர்ப்பக்கம் சும்மா வேகமாகச் சுற்றும். அதனால் சில நேரம் மணிக்கட்டில் ஒரு அதிர்வு தெரியும். பழகினவர்கள் கண்ணை மூடிக்கொண்டு "7750" என்று சொல்லிவிடுவார்கள்.

இதன் காப்புரிமை முடிந்து ரொம்ப வருடமாகிறது. சீனாவில் ஷாங்காய் போன்ற இடங்களில் இதை அப்படியே செய்கிறார்கள். அதில் சட்டப் பிழை எதுவும் இல்லை. லா ஷோ-த-ஃபோன் ஊரிலேயே செலிட்டா என்ற சுவிஸ் கம்பெனி எஸ்.டபிள்யூ. 500 என்ற பெயரில் இதே வடிவத்தைச் செய்து விற்கிறது. எஞ்சினைக் காப்பியடிப்பது வேறு, டயலில் இன்னொருத்தர் பெயரை அடிப்பது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் "சைனா மூவ்மென்ட்" என்றதும் நம்மவர்கள் முகம் சுளிக்கிறார்கள். சரியான இடத்தில் வைத்தால் சீனத்து 7750 மோசமே இல்லை.

அந்தச் "சரியான இடம்"தான் பிரச்சினை. 7750ன் சின்ன டயல்கள் 12, 6, 9 ஆகிய இடங்களில் இருக்கும். 12ல் நிமிடக் கணக்கு, 6ல் மணிக் கணக்கு, 9ல் எப்போதும் ஓடுகிற நொடி முள். போலி செய்கிறவர்கள் காப்பியடிக்க விரும்புவது ரோலெக்ஸ் டேடோனாவை. அதில் சின்ன டயல்கள் 3, 6, 9. நிமிடம் 3ல், மணி 9ல், நொடி முள் 6ல். ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஆகவே என்ன செய்கிறார்கள்? 7750ன் முகத்துக்கும் டயலுக்கும் நடுவே கூடுதல் பல்சக்கரங்களை அடுக்கி, ஒவ்வொரு முள்ளையும் இழுத்து வேறு இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள்.

என் தொழிலில் இதைத் தினமும் பார்க்கிறேன். மேலாளர் முதலில் திரையை வரைந்து காட்டிவிடுவார். உள்ளே இருக்கிற பழைய புரோகிராம் அதற்கு ஒத்துவராது. நடுவில் நாலு ஒட்டுப்போட்டு எப்படியோ டெமோ காட்டிவிடுவோம். டெமோ நன்றாகத்தான் இருக்கும்.

இதில் நிமிடக் கணக்கும் மணிக் கணக்கும் பரவாயில்லை, பொத்தானை அழுத்தினால்தான் ஓடும். 6க்கு நகர்த்திய நொடி முள் அப்படியில்லை, நாள் முழுக்க ஓடும். அதை இழுத்துச் செல்லும் கூடுதல் சக்கரங்களும் நாள் முழுக்க ஓடியாக வேண்டும். அவற்றுக்கு முறையான கல் வைத்த தாங்கிகள் பெரும்பாலும் கிடையாது. எண்ணெய் காயும், உராய்வு கூடும், எஞ்சினின் பலமெல்லாம் அதிலேயே போகும். இந்த வாட்சுகளைத் தெரிந்தவர்கள் "நொடி முள் ஆறில் இருந்தால் வாங்காதே" என்று சொல்வது இதனால்தான்.

கேள்வி வந்து இரண்டு வாரத்தில் மாமா பையனே குடும்பத்தோடு சூரிச்சுக்கு வந்தான். சினிமாவில் பார்த்த பனிமலையை நேரில் பார்க்க நம் ஊர்க் குடும்பங்கள் எல்லாம் வருகிற அதே பயணம்தான். கையில் பளபளவென்று ஒரு 'டேடோனா'. முதல் படத்தில் இருந்ததன் அண்ணன், அவன் இரண்டு வருடம் முன் வாங்கியது. "அட, இதைக் கட்டிக்கிட்டா ஏர்போர்ட்ல வந்தே?" என்று கேட்டேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. 2008 ஜூலை 1 முதல் இங்கே சட்டம் மாறிவிட்டது. சொந்த உபயோகத்துக்கு ஒன்றே ஒன்று கொண்டுவந்தாலும் சுங்கத்துறை போலியைப் பிடித்து வைத்து அழித்துவிடலாம். கட்டியிருப்பவரைச் சிறையில் போடமாட்டார்கள். வாட்ச் மட்டும் போய்விடும். வேறு எந்த நாட்டில் எப்படியோ, வாட்ச்தான் பிழைப்பு என்று இருக்கிற நாட்டுக்குள் போலி வாட்சோடு வருவது திருப்பதிக்குப் போய் மொட்டையடிக்கிறவருக்கே விக் விற்கிற மாதிரி. மணிவிழாவுக்காக வாங்கப்போவதையும் அவன் இந்த வழியாகத்தான் என்னிடம் காட்ட எடுத்துவருவதாக இருந்தான்.

என்னிடம் டைம்கிராஃபர் என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. மைக் வைத்த ஒரு தாங்கி. அதில் வாட்சை வைத்தால் டிக் டிக் சத்தத்தைக் கேட்டு, ஒரு நாளைக்கு எத்தனை நொடி முந்துகிறது, பேலன்ஸ் சக்கரம் எத்தனை டிகிரி வீசுகிறது என்று காட்டும். நம்முடைய பிரஷர் பார்க்கிற கருவி போலத்தான். முழுதாகச் சாவி ஏறிய நல்ல வாட்ச் படுக்கவைத்த நிலையில் 270க்கு மேல், 300 பக்கம் காட்ட வேண்டும். அவனுடையது 238 காட்டியது. மேல் பொத்தானை அழுத்தி ஸ்டாப்வாட்சை ஓடவிட்டேன். மெல்ல இறங்கி 190ல் வந்து நின்றது. ஸ்டாப்வாட்ச் ஓடும்போது நல்ல 7750லும் கொஞ்சம் குறையும், இவ்வளவு குறையாது. கீழ்ப் பொத்தானை அழுத்தினேன். நீள முள் திரும்பி வந்து பன்னிரண்டைத் தாண்டி முக்கால் கோடு தள்ளி நின்றது.

முள் பூஜ்யத்துக்குத் திரும்புவது ஒரு அழகான விஷயம். அச்சில் இதய வடிவத்தில் ஒரு தகடு இருக்கும். அதன் மேல் சுத்தியல் மாதிரி ஒன்று வந்து விழும். முள் எங்கே நின்றிருந்தாலும் சரி, இதயத்தின் பள்ளமான இடம் சுத்தியலுக்கு நேரே வரும் வரை தகடு தானாகச் சுழன்றுவிடும். ஆனால் முள் நொடிக்குள் அரை வட்டம் பறந்து டக்கென நிற்கிறது. அச்சில் அதை இறுக்கமாகப் பொருத்தியிருக்கவில்லை என்றால், ஒவ்வொரு முறையும் ஒரு மயிரிழை நகரும். இதய வடிவத் தகடு சரியாகத்தான் நிற்கும், முள் பொய் சொல்லும். நூறு மீட்டர் ஓட்டத்தில் 0.2 நொடிக்குச் சண்டை போடுகிறவர் கையில் இதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவனையே கேட்டேன். "அப்பா முதல் நாளே திருப்பிக் கொடுத்துடுவாரு" என்றான் சிரித்துக்கொண்டே.

இதைவிட மட்டமான ரகம் ஒன்று உண்டு. அதில் சின்ன டயல்கள் கிழமை, தேதி, 24 மணி நேரம் என்று காட்டும், ஸ்டாப்வாட்சே கிடையாது. பொத்தானை அழுத்தினால் நடுமுள் ஓடாது, கிழமை மாறும். அதற்குமேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இரண்டாவது படம் 4130 க்ளோன். இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது, ஏனென்றால் இது நன்றாக ஓடும்.

டேடோனாவின் சொந்தக் கதையே கொஞ்சம் வேடிக்கை. ரோலெக்ஸ் தன்னுடைய ஸ்டாப்வாட்ச் கடிகாரத்துக்கு ரொம்ப காலம் சொந்த எஞ்சின் வைத்திருக்கவில்லை. முதலில் சாவி கொடுக்கும் வால்ஜூ 72. பிறகு 1988 முதல் ஸெனித்திடம் எல் பிரிமெரோவை வாங்கி, அதன் 36,000 துடிப்பை 28,800ஆகக் குறைத்து, நிறைய மாற்றி வைத்தார்கள். 2000ல்தான் 4130 வந்தது. தூண் சக்கரம், செங்குத்து கிளட்ச், 72 மணி நேரம் ஓடும் ஸ்பிரிங். செங்குத்து கிளட்ச் என்பது பல்லோடு பல் சேர்வது கிடையாது, தட்டுமேல் தட்டு அழுந்துவது. அதனால் தொடங்கும்போது முள் குதிக்காது. ஸ்டாப்வாட்சை நாள் முழுக்க ஓடவிட்டாலும் வீச்சு பெரிதாகக் குறையாது. ஜப்பானில் ஸைகோ இந்த ஏற்பாட்டை 1969லேயே 6139 என்ற மூவ்மென்ட்டில் வைத்துவிட்டது. அதற்கு உரிய பெயர் அதற்குக் கிடைக்கவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

க்ளோன் செய்கிறவர்கள் 4130ஐக் கழற்றி, அளந்து, பாகம் பாகமாகத் திரும்பச் செய்திருக்கிறார்கள். சின்ன டயல்கள் இயல்பாகவே சரியான இடத்தில் இருக்கின்றன. தடிமனும் பொருந்துகிறது. 7750க்குச் செய்ததுபோல எதையும் இழுத்து ஒட்ட வேண்டியதில்லை. ரோலெக்ஸ் பேலன்ஸ் ஸ்பிரிங்கை நியோபியம், ஸிர்கோனியம் கலந்த சொந்த உலோகத்தில் செய்கிறது. க்ளோனில் அது சாதாரண ஸ்பிரிங். ஆனால் கண்ணால் பார்த்துச் சொல்வது கஷ்டம். மெக்கானிக்காகப் பார்த்தால் மூன்றில் இதுதான் உசத்தி. மாமா பையனிடமும் அப்படியே சொன்னேன். அவன் முகம் மலர்ந்தது.

அவனை ரயிலேற்றி லா ஷோ-த-ஃபோன் கூட்டிப்போனேன். சூரிச்சிலிருந்து இரண்டு மணி நேரம். 1974ல் திறந்த கடிகார அருங்காட்சியகம் அங்கே நிலத்துக்கு அடியில் இருக்கிறது. பக்கத்து ஊர் லெ லோக்ல். ஸெனித் தொழிற்சாலை அங்கேதான். ரயிலில் அவனுக்கு ஷார்ல் வெர்மோ கதையைச் சொன்னேன். 1970களின் நடுவில் ஸெனித் ஒரு அமெரிக்கக் கம்பெனியின் கையில் இருந்தது. இனிமேல் பேட்டரி வாட்ச்தான், எல் பிரிமெரோ செய்கிற கருவிகளை எல்லாம் பழைய இரும்புக்குப் போடுங்கள் என்று உத்தரவு. வெர்மோ அங்கே வேலை பார்த்தவர். மேலிடத்துக்குத் தெரியாமல் அச்சுகளையும் கருவிகளையும் தொழிற்சாலையின் பரணில் கொண்டுபோய் ஒளித்து வைத்து, எது எதற்கு என்று எழுதியும் வைத்தார். 1980களில் மறுபடி தேவைப்பட்டபோது எல்லாம் பரணிலிருந்து இறங்கியது. ரோலெக்ஸுக்குப் போன எஞ்சின் அப்படி வந்ததுதான்.

"உன் க்ளோனுக்கு யாருடா பரண் வச்சிருக்கான்?" என்று கேட்டேன்.

அதுதான் என் கணக்கில் பெரிய ஓட்டை. சாவி வாட்சோ ஆட்டோமேட்டிக்கோ, ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் போட வேண்டும். 7750 என்றால் உலகத்தில் எங்கேயும் பிரித்து மாட்டத் தெரிந்த ஆள் இருக்கிறார், பாகமும் கிடைக்கும். 4130 க்ளோனை எடுத்துக்கொண்டு எங்கே போவது? அசலைச் செய்தவர் தொடமாட்டார். என் வீட்டுப் பக்கத்தில் ஒரு வயதான ரிப்பேர்க்காரர் இருக்கிறார். பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன். போலியைத் திறந்து மேஜையில் வைத்தாலே தன் பெயர் கெட்டுவிடும் என்றார். செய்தவர்களைக் கேட்கலாம் என்றால் அவர்களுக்குப் பெயரே கிடையாது. இன்று இருக்கும் ஆலை அடுத்த வருடம் ரெய்டில் போய்விடும். அடுத்து வருகிற ரகத்தின் பாகம் இதற்குப் பொருந்தும் என்று உத்தரவாதமில்லை. மதுரையில் மாமா வாட்ச் நின்றுபோனால், அது நின்றதுதான்.

இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்லத்தான் எனக்குத் தயக்கம். மாமா அதைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். "மகன் துபாய்ல இருந்து வாங்கினான், மருமகன் சுவிஸ்ல இருந்து பார்த்துக் கொடுத்தான்" என்று ஊர் முழுக்கச் சொல்வார். அவரிடம் படித்தவர்களில் ஒருவர் மதுரையில் நகைக்கடையும் வாட்ச் கடையும் வைத்திருக்கிறார். விழாவுக்கும் வருவார். க்ளோன் எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு நாள் அந்தப் பொய்யை அவர் தெரியாமல் சுமப்பார். "அப்பாகிட்ட இது டூப்ளிகேட்னு சொல்லிட்டுக் கொடுப்பியா?" என்று கேட்டேன். அவன் ஜன்னலுக்கு வெளியே மாடுகளைப் பார்த்தான். இந்த ஊர் மாடுகள் அழகாகத்தான் இருக்கும்.

டூப்ளிகேட் கட்டுகிறவர்களை எல்லாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு ஆசை இல்லை. இங்கே பொங்கல் விழாவுக்குப் போனால் யார் கையில் என்ன என்று ஓரக்கண்ணால் பார்க்கிற கூட்டம்தான் முதலில் திருந்த வேண்டும். ஆனால் தெரிந்து தனக்கு வாங்கிக்கொள்வது ஒன்று, தெரியாத ஒருவர் கையில் கட்டிவிடுவது வேறு.

மூன்றாவது படம் ஒரு பழைய பிரபலச் சுவிஸ் வாட்சின் போலி. சாவி கொடுக்கிற வகை. கண்ணாடி முதுகு வழியாக உள்ளே தெரிந்த எஞ்சினைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. சீ-கல் எஸ்.டி. 19.

இதன் பூர்வீகமும் சுவிஸ்தான். மூத்தியே ஊரில் வீனஸ் என்ற கம்பெனி செய்த 175 என்ற மூவ்மென்ட். 1960களின் தொடக்கத்தில் சீன விமானப் படைக்கு ஒரு ஸ்டாப்வாட்ச் கடிகாரம் தேவைப்பட்டது. தியான்ஜின் ஆலைக்கு அந்த வேலை போனது, 1961ல் தொடங்கிய 304 திட்டம். வீனஸ் 175 செய்யும் இயந்திரங்களையே விலைக்கு வாங்கினார்கள். அது திருட்டு கிடையாது, பணம் கொடுத்து வாங்கியது. வீனஸின் இன்னொரு மூவ்மென்ட்டான 188, அந்தக் கம்பெனி வால்ஜூவோடு சேர்ந்தபோது 7730 ஆகி, பிறகு 7733 ஆகி, கடைசியில் 7750க்கு வழிவிட்டது. முதல் படத்து எஞ்சினும் மூன்றாவது படத்து எஞ்சினும் ஒரு வகையில் பங்காளிகள் என்பது மாமா பையனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

எஸ்.டி. 19ல் தூண் சக்கரம் உண்டு. துடிப்பு 21,600. கிளட்ச் பழைய முறை, பல்லோடு பல் பக்கவாட்டில் வந்து சேரும். பல் பல்லின் மேலேயே பட்டுவிட்டால் தொடங்கும்போது முள் ஒரு சின்னக் குதி குதிக்கும். 30 நிமிடம் வரைதான் கணக்கு வைக்கும், மணிக் கணக்கு டயல் கிடையாது. எல்லாம் ஒரே தரமாக வருவதில்லை, வந்ததும் டைம்கிராஃபரில் போட்டுப் பார்ப்பது நல்லது. தண்ணீரில் கட்டக் கூடாது. இத்தனை குறை இருந்தும் நிமிட முள் 3ல், நொடி முள் 9ல் என்று அது பிறந்த இடத்திலேயே இருக்கிறது. யாருடைய முகத்துக்காகவும் அதை முறுக்கவில்லை. கெட்டுப்போனாலும் கவலையில்லை, மூவ்மென்ட் முழுசாகவே தனியாக விலைக்குக் கிடைக்கும்.

முக்கியமாக, போலிப் பெயரோடு இதை வாங்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த விமானப் படைக் கடிகாரத்தின் மறுபதிப்பு 1963 என்ற பெயரில், டயலில் சீன எழுத்தோடு, அதே எஞ்சினோடு, சில நூறு ஃபிராங்குக்குக் கிடைக்கிறது. மாமா பையன் அனுப்பிய மூன்றாவது படத்தின் விலையும் கிட்டத்தட்ட அதேதான். "அப்போ பொய்ப் பேருக்கு மட்டும் எக்ஸ்ட்ரா காசா?" என்றான்.

1963தான் வாங்கினோம். இருவரும் பாதிப் பாதி. முதலில் என் முகவரிக்கு வந்தது, டைம்கிராஃபரில் போட்டேன். 285 டிகிரி, நாளைக்கு 9 நொடி முந்தியது. பின்பக்கம் திறந்து கொஞ்சம் சரிசெய்தேன். பெட்டிக்குள் எது எங்கே செய்தது, எத்தனை நாளைக்கு ஒருமுறை எண்ணெய் போட வேண்டும் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி வைத்தேன்.

விழா முடிந்த மறுநாள் காலை வீடியோவில் கூப்பிட்டார். ஒரு கையில் புது வாட்ச், இன்னொரு கையில் பழைய ஸ்டாப்வாட்ச். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தி ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினார். "மருமகனே, ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு துள்ளு துள்ளுது, கவனிச்சியா?" கிளட்ச் பல்லைப் பற்றி விளக்கினேன். "அப்போ அது ஃபால்ஸ் ஸ்டார்ட்" என்றார். "மணிக்கணக்கு முள்ளும் இல்ல. மாரத்தானுக்கு ஆகாது." பின்பக்கக் கண்ணாடியைக் கேமராவுக்குக் காட்டி, தூண் சக்கரம் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, பொத்தானை அழுத்தி அழுத்தி அது திரும்புவதைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். சீன எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கே கூகுளில் கண்டுபிடித்துவிட்டார். நகைக்கடைக்காரரிடம் அதையும் விளக்கினாராம்.

மாமா பையனுடைய 'டேடோனா' அவன் கையில்தான் இன்னும் இருக்கிறது. துபாயில் ஒரு ஆளிடம் கொடுத்தானாம், சுத்தம் செய்து திருப்பிக் கொடுத்து, "சார், சும்மா டைம் பாக்கறதுக்கு மட்டும் வச்சுக்கோங்க, பொத்தான மட்டும் தொடாதீங்க" என்று சொல்லி அனுப்பினாராம். போன வாரம் பேசும்போது அவன் நாலு வயது மகள் அதைப் பிடுங்கி அழுத்தப் பார்த்தாள். போனை அப்படியே போட்டுவிட்டு ஓடினான்.